கரையேறிய கப்பல்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைக் கரையிறக்கிய கப்பல்கள், போர் முடிந்ததும் என்ன ஆயின?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போயின. தப்பியவற்றில் ஒன்று மதுக்கூடமே ஆனது!

எல்.சி.டி. 7074 என்ற அந்தப் பிரிட்டிஷ் கலம், 1944 ஜூனில் 10 டாங்கிகளோடு நார்மண்டி போனது. தட்டையான அடிப்பாகம், முன்னால் இறங்கும் சாய்தளம். துறைமுகம் வேண்டாம், உங்கள் பக்கத்து மரக்காணம் மாதிரி மணற்கரை கிடைத்தால் சரி. வரும்போதே பின்னால் நங்கூரம் போட்டுவிட்டு, திரும்பும்போது அதைப் பிடித்தே தன்னை இழுத்துக்கொள்ளும்.

பிறகு லிவர்பூலில் கிளப், இரவு விடுதி. ஆட்டம் பாட்டமெல்லாம் ஓய்ந்து, 2010-ல் பர்க்கன்ஹெட்டில் மூழ்கியது. 2014-ல் தூக்கினார்கள். குண்டுமழையில் மூழ்காதது, சும்மா நின்ற இடத்தில் மூழ்கியதுதான் வேடிக்கை.

நமக்கும் ஒரு பங்கு உண்டு. பிரிட்டனின் எல்.எஸ்.டி. 3011 என்ற பெரிய கரையிறக்கு கப்பல், 1949-ல் இந்தியக் கடற்படைக்கு வந்து ஐ.என்.எஸ். மகர் ஆனது. அது ஓய்வுபெற்ற பின், கொல்கத்தாவில் கட்டிய புதிய கப்பல் 1987-ல் அதே பெயரோடு சேவைக்கு வந்தது; 2023-ல் அதுவும் ஓய்வுபெற்றது.

7074-ஐப் பார்க்க ஆசையா? விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் தரமாட்டார்கள். 2020 முதல் அது போர்ட்ஸ்மவுத் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.