நெருஞ்சிமுள்ளும் கயிற்றுக் கட்டிலும்

பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தது. ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் வெள்ளையடிப்பு. ஆசாரத்தை முடித்துவிட்டுச் சமையலறைக் கதவோரம் வந்த பெயிண்டர், பிரஷ்ஷைத் தூக்கிய கையோடு நின்றுவிட்டார். தினசரி காலண்டர் தொங்கும் ஆணிக்குக் கீழே, ஒரு முழ அகலத்துக்குச் சுவர் முழுக்க எண்கள். பென்சிலில் கொஞ்சம், பேனாவில் கொஞ்சம், அவசரத்துக்கு அடுப்புக்கரியில் கொஞ்சம்.

"ஏனுங்கம்மா, இதையும் அடிச்சுரட்டுங்களா?"

"சித்த இருங்க. பையன் வந்திருக்கறான், ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்றாள் அம்மா.

பையனுக்கு வயது ஐம்பது. சேலத்தில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போடுவது அவன் வேலை. எண் விஷயத்தில் யோசனை கேட்டால் சும்மா இருப்பானா? "தாராளமா அடிங்க. இப்பெல்லாம் எந்தக் கம்பெனி போனா இருந்தாலும் நாடு பூராவும் ஒரே நம்பர்னு ஆக்கிட்டாங்க. இதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"அப்படியா? அந்த ஒரே நம்பரு எது சாமி?" என்றாள் அம்மா.

அங்கே பிடித்த வம்பு, பெயிண்டர் இரண்டு டீ குடித்து முடிக்கும்வரை ஓடியது.

சுவரில் மேல் வரிசைதான் மூத்தது. வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கம்பெனி சிம் இருந்த காலத்துக் கல்வெட்டு அது. மீதிக் காசு எவ்வளவு என்று பார்க்க ஒரு கம்பெனிக்கு *123#, இன்னொன்றுக்கு *141#, மூன்றாவதற்கு *125#. அம்மாவைப் பொறுத்தவரை * என்பது நெருஞ்சிமுள், # என்பது கயிற்றுக் கட்டில். "நெருஞ்சிமுள்ளு, ஒன்னு, ரெண்டு, மூணு, கவுத்துக்கட்டலு" என்று மந்திரம்போலச் சொல்லிக்கொண்டே அழுத்துவாள். அவள் போனில் அது பலிக்கும். அப்பாவின் போனில் அதே மந்திரத்தைப் போட்டால் இங்கிலீஷில் இரண்டு வரி வந்து நிற்கும். ஒருமுறை என்னைப் படித்துக் காட்டச் சொன்னாள்.

"எம்எம்ஐ கோடு தப்புன்னு சொல்லுதும்மா."

"யாரு சாமி அந்த எம்மெம்மை?"

மனிதனும் யந்திரமும் பேசிக்கொள்ளும் முறைக்கு அப்படிப் பெயர் என்று விளக்கினேன். "இது பேசிக்கற மாதிரியா இருக்குது? வெடுக்குனு மூஞ்சியத் திருப்பிக்கற மாதிரியில்ல இருக்குது" என்றாள்.

இந்தக் கம்பெனிகளுக்கு ஒற்றுமையே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. நெருஞ்சிமுள், 99, கட்டில் என்று போட்டால் வங்கிக் கணக்கு திறந்துகொள்ளும். இன்டர்நெட் வேண்டாம், பட்டன் போன் போதும். 2014 ஆகஸ்டில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த சேவை அது. ஆக, வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்று பல கம்பெனி சிம்களிலிருந்தும் ஒரே எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சிம்மிலேயே எவ்வளவு கிடக்கிறது என்பதற்குத்தான் ஆளுக்கொரு முள், ஆளுக்கொரு கட்டில்.

உலகம் முழுக்க ஒத்துப்போகும் குறியீடும் ஒன்று உண்டு. *#06#. எந்த நாட்டுப் போனில் அழுத்தினாலும் அந்தப் போனின் 15 இலக்க அடையாள எண் வந்து நிற்கும். நெருஞ்சிமுள்ளும் கட்டிலும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வரும். போன் தொலைந்தால் புகார் கொடுக்க அந்த 15 இலக்கம் வேண்டும். ஆனால், அதைத் தெரிந்துகொள்ள அழுத்த வேண்டியது தொலைந்துபோன போனில்.

"சரி, இந்த மேல் வரிசையை அடிச்சிரலாம். இப்பத்தான் மாசத்துக்கு ஒருக்கா மொத்தமா ரீசார்ஜ் பண்ணிர்றமே" என்றேன். பெயிண்டர் பிரஷ்ஷை நனைத்தார். "இரு இரு" என்றார் அப்பா. "அந்த மூணாவது கம்பெனியே இப்ப இல்ல. நெனப்புக்கு இருக்கட்டும்." பெயிண்டர் டீயை எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் வரிசையில் 155223 என்று ஆறு இலக்கம். அதற்கு ஒரு கதை இருக்கிறது. அம்மா யாரையோ கூப்பிட்டபோது மணிச் சத்தத்துக்குப் பதில் அம்மன் பாட்டுக் கேட்டிருக்கிறது. நடுவில் ஒரு பெண் குரல், இந்தப் பாட்டு உங்களுக்கும் வேண்டுமானால் நட்சத்திரத்தை அழுத்துங்கள் என்றிருக்கிறது. அம்மன் பாட்டை வேண்டாமென்று சொல்ல எங்கள் பக்கம் யாருக்குத் துணிச்சல் உண்டு? நெருஞ்சிமுள்ளை அழுத்திவிட்டாள். அன்றிலிருந்து அவளைக் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் பாட்டு, அவளுக்கு மாதா மாதம் காசு பிடிப்பு. தன் போனில் ஒலிக்கும் பாட்டைத் தன்னாலேயே கேட்க முடியாது என்பது தெரிந்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

இப்படி நாடெங்கும் நெருஞ்சிமுள் குத்தியவர்கள் ஏராளம். போட்ட சேவையை எடுப்பதற்குக் கம்பெனிக்கொரு வழி இருந்தது, அந்த வழியும் அடிக்கடி மாறிக்கொண்டிருந்தது. 2013-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டது. இனி எந்தச் சேவையைப் போட்டாலும் வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை சம்மதம் வாங்க வேண்டும்; வேண்டாமென்றால் எந்தக் கம்பெனியானாலும் 155223 என்ற ஒரே எண்ணுக்குச் சொன்னால் போதும் என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குப் பெயர் குறுங்குறியீடு. ஆறு இலக்கம்!

நான் அந்த எண்ணைச் சொன்னதும் அப்பா, "இதெந்த ஊரு பின்கோடு?" என்றார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். 1972-ல் வந்த பின்கோடு அவருக்கு மனப்பாடம். நாமக்கல்லுக்கு 637001, சேலத்துக்கு 636001. "ஒன்னுல ஆரம்பிச்சா டெல்லி, அரியானா, பஞ்சாப். பட்டிண்டாவுக்கு 151001. இது அதுக்கும் அங்கிட்டு இருக்குமாட்ட இருக்குது" என்றார். அவ்வளவு தூரத்துக்குச் செய்தி அனுப்பினால் எப்போது போய்ச் சேருமோ என்று அம்மாவுக்குக் கவலை. அனுப்பினோம். பாட்டு நின்றது. "சாமி குத்தமாயிருமா?" என்பது அடுத்த கவலை.

அதற்கடுத்து 1925. 2015-ல் டிராய் கொண்டுவந்தது. போனில் இன்டர்நெட் வேண்டுமென்றால் ஸ்டார்ட், வேண்டாமென்றால் ஸ்டாப் என்று எந்தக் கம்பெனிக்காரரும் இதற்கே அனுப்பலாம். பக்கத்தில் 1909, விளம்பரத் தொல்லை வேண்டாம் என்பதற்கு. அதையும் தாண்டி எனக்கு வாரம் ஒருவர் சேலத்துக்கு வெளியே வீட்டுமனை விற்கிறார். அதற்குக் கீழே 155260 என்று எழுதி, அடித்து, மேலே 1930 என்று திருத்தியிருந்தது. இணையவழிப் பண மோசடிக்கான எண் அது. ஆறு இலக்கத்தில் ஆரம்பித்து, பணம் போன பதற்றத்தில் யாருக்கும் ஆறு இலக்கம் ஞாபகம் வராது என்பது புரிந்து நாலுக்கு இறங்கியது.

1900 என்ற எண்ணின் மேல் மட்டும் யாரோ மரியாதையாகச் சதுரக் கட்டம் போட்டிருந்தார்கள். எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20-ல் நாடு முழுக்க வந்தது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, நம் எண்ணையும் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்தில் ஒரு சங்கேதம் வரும். அதை எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனிக்கு நடக்க வேண்டியதுதான். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிக்னல் மங்கி, கம்பெனி திவால் மனு கொடுத்தபோது, லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இந்த எண்ணைத்தான் நாடினார்கள். சிக்னல் இல்லாததால் கம்பெனி மாற வேண்டும். மாறுவதற்குச் செய்தி அனுப்ப அதே கம்பெனி சிக்னல் வேண்டும். எங்கள் ஊரில் மொட்டை மாடியிலும் தண்ணீர்த் தொட்டி மேலும் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஜனங்கள் நின்றதைப் பார்த்த ஒரு வெளியூர்க்காரர், என்ன வேண்டுதல் என்று விசாரித்தாராம்.

"இதெல்லாம் சில்லறை. உயிர் போற அவசரத்துக்கு ஒரே நம்பர் வந்திருக்குது பாருங்க" என்று என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "நூத்திப் பன்னெண்டு!"

போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்று தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் 112 போதும் என்று 2015 ஏப்ரலில் டிராய் பரிந்துரைத்தது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு உட்பட 16 மாநில, யூனியன் பிரதேசங்களில் ஒரே நாளில் தொடங்கி வைத்தார்கள். லண்டனில் 1937-லேயே 999 வந்துவிட்டது. ஐரோப்பா 1991-ல் எல்லா நாட்டுக்கும் 112 என்று முடிவெடுத்தது. சிம் இல்லாத போனிலும் 112-ஐ அழைக்க ஜிஎஸ்எம் தொழில்நுட்பத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அப்பா அசரவில்லை. "நம்பர் ஒன்னுதாங் கண்ணு. எடுக்கறவன் எந்தப் பாஷையில எடுப்பான்? நாக்பூர்ல அடிச்சா மராட்டி, கட்டாக்குல அடிச்சா ஒடியா. எங்களுக்கும் இப்படித்தான் ஸ்டேட்டுக்கு ஸ்டேட்டு தனியாக் காசு கட்டுன காலம் போயி, 2010-ல நாடு பூராவும் ஒரே பர்மிட்டுன்னாங்க. பர்மிட்டு ஒன்னாச்சு. செக்போஸ்ட்டு ஒன்னாச்சா? அதுக்கு ஜிஎஸ்டி வர்ற வரைக்கும் காத்துக் கெடந்தோம்."

அம்மாவுக்கு மொழிப் பிரச்சினை இல்லை. அவளுக்கு 108 ஓர் எண்ணே இல்லை. 2008 செப்டம்பரில் அந்த வண்டி தமிழ்நாட்டுக்கு வந்ததிலிருந்து "நூத்தியெட்டு வந்துச்சு", "நூத்தியெட்டுல ஏத்தினாங்க" என்றுதான் பேச்சு. சாமிக்கு நூற்றெட்டுப் போற்றி, நூற்றெட்டு வடை என்று கோத்துப் பழகிய ஊரில், அந்த வண்டிக்கு யாரோ விவரம் தெரிந்துதான் எண் வைத்திருக்கிறார்கள். "இத்தன நாளா வந்த வண்டிக்குப் பேர மாத்துனா அது வருமா?" என்றாள்.

அதுமட்டுமல்ல, 112-இன் மேல் அவளுக்கு ஒரு பழைய வருத்தமும் உண்டு. அவளுடைய முதல் போனில் 5-ஐ அமுக்கிப் பிடித்தால் நேராக என் மாமாவுக்குப் போகும்படி நான் செய்து கொடுத்திருந்தேன். அந்தப் போன் மாட்டுத்தொட்டியில் விழுந்து போன பிறகு புதுப் போன் வாங்கினோம். பெண்களின் பாதுகாப்புக்காக, விற்கும் போன்களிலெல்லாம் அபாயப் பொத்தான் இருக்க வேண்டும் என்று அரசு விதி வந்த பிற்பாடு வந்த போன் அது. பட்டன் போனில் அந்தப் பொத்தான் 5 அல்லது 9. அமுக்கிப் பிடித்தால் போதும். அம்மா வழக்கம்போல 5-ஐ அமுக்கிப் பிடித்து, எடுத்ததும் ஆரம்பித்திருக்கிறாள்.

"டேய், வரையில ரெண்டு கட்டுச் சோளத்தட்டு போட்டுட்டு வா."

"அம்மா, இது அவசர உதவி மையம். என்ன அவசரம்னு சொல்லுங்க."

"மாடு காலையில இருந்து பட்டினி கெடக்குது. இதவிட என்னடா அவசரம்?"

எதிர்முனையில் இருந்த பெண் பொறுமைசாலி. மாடு நலம், ஆபத்து ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே வைத்தாராம். கொஞ்ச நேரம் கழித்து மாமா வந்தார், வெறுங்கையோடு. "போலீஸ்கிட்டச் சொல்லியும் தட்டு வரல" என்று அவரிடம் குறைபட்டாள் அம்மா. தம்பி குரல் ஏன் அன்றைக்குப் பெண் குரலாக இருந்தது என்ற சந்தேகம் அவளுக்கு ராத்திரிதான் வந்தது.

கடைசி வரிசையில் கரண்ட் எண்கள். நாடு முழுக்க மின்சாரப் புகாருக்கு 1912. தமிழ்நாட்டில் 2021-ல் மின்னகம் வந்தபோது 94987 94987. இரண்டுக்கும் கீழே, இரண்டையும்விடப் பெரிய எழுத்தில், அடுப்புக்கரியில், எங்கள் ஊர் லைன்மேன் செல் நம்பர். போன சித்திரையில் சூறைக்காற்றில் கம்பி அறுந்தபோது நான் முறைப்படி 1912-ஐ அழைத்துப் புகார் எண் வாங்கி, எழுதிக்கொள்ளப் பேனா தேடினேன். பேனா கிடைப்பதற்குள் லைன்மேன் கம்பத்தில் ஏறியிருந்தார். அம்மா கூப்பிட்டிருந்தாள். "அந்தத் தம்பி மோர் குடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள் என்னிடம், நான் ஏதோ குறுக்கே நிற்பதுபோல.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தச் சுவரில் ஒவ்வொரு எண்ணும் பழையதற்குப் பதிலாக வந்ததாகச் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறது. வந்து, பழையதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. நாலு அடுப்பை ஒன்றாக்குகிறேன் என்று வந்த மருமகள் ஐந்தாவது அடுப்பு மூட்டிய கதை. 112 வந்தும் 100 இருக்கிறது, 101 இருக்கிறது, 108 ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ரயில்வேக்காரர்கள் மட்டும் கெட்டிக்காரர்கள். 2020-ல் பல உதவி எண்களை 139-இல் சேர்த்தார்கள், மறுவருஷம் 182-ஐயும் அதிலேயே கரைத்தார்கள். அந்த எண் மட்டும் எங்கள் சுவரில் இல்லை. ராசிபுரத்தில் ரயில் ஏறுகிற வேலை எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

"என்னங்க பண்றது? வெயில் ஏறுது" என்றார் பெயிண்டர், இரண்டாவது டம்ளரைக் கீழே வைத்தபடி.

"நம்பரு இருக்கற எடத்த மட்டும் உட்டுட்டுச் சுத்தி அடிச்சிருங்க" என்றாள் அம்மா. அப்பா தலையாட்டினார். நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மாலைக்குள் சமையலறைச் சுவர் பளிச்சென்று வெளுத்தது. நடுவில், புகைபிடித்த பழுப்பில், எங்கள் வீட்டுத் தொலைத்தொடர்புத் துறை அப்படியே இருந்தது. தொழில் பழக்கம், எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பதினாறு.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மனசு கேட்கவில்லை. வயசானவர்கள் தனியாக இருக்கிற வீடு. பேனாவை எடுத்துப் போய், ஓரத்தில் மிச்சமிருந்த இரண்டு விரல் இடத்தில், குண்டாக 112 என்று எழுதிவைத்தேன்.

காலையில் தேதித்தாளைக் கிழிக்கப் போன அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

"ஏஞ்சாமி, பதினாறோட நல்ல கணக்கா நின்னிருந்துச்சே" என்றாள்.