தண்டவாளமில்லா ரயில்வே அதிபர்

இங்கிலாந்தில் ‘மூன்று படுக்கையறை வீடு’ என்று விளம்பரம் வந்தால், அந்த மூன்றாவது அறையைப் பெரும்பாலும் ஒரு மரியாதைக்காகத்தான் கணக்கில் சேர்த்திருப்பார்கள். கட்டிலைப் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. கதவை முழுக்கத் திறக்க வேண்டுமென்றால் கட்டிலை விற்க வேண்டும். ஒற்றைப் படுக்கையறை என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது 7.5 சதுர மீட்டர் பரப்பும் 2.15 மீட்டர் அகலமும் வேண்டும் என்று 2015-இல் அந்த நாட்டு அரசு ஓர் அளவுகோல் வகுத்தது. பழைய வீடுகள் பலவற்றுக்கு அந்த யோகம்கூடக் கிடையாது. பழைய சூட்கேஸ், குளிர்காலக் கோட்டு, ஒரே வாரம் மிதிக்கப்பட்ட உடற்பயிற்சி சைக்கிள் எல்லாம் அடைக்கலம் புகும் அந்த அறைக்குள்தான் ஒரு மனிதர் இரட்டைப் பாதை, மலைச்சரிவு, துறைமுகத்துக்கு ஒரு கிளைப் பாதை, இன்ஜின் ஷெட் எல்லாம் அடங்கிய மாடல் ரயில்வே ஒன்றை இருபது ஆண்டுகளாகக் கட்டப்போகிறார். ஆமாம், இருபது ஆண்டுகளாகத்தான் கட்டப்போகிறார்.

ஆளை அடையாளம் காண்பது எளிது. ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப் பையில் பேனா இருக்காது. கூரான பென்சிலும் பாதி தேய்ந்த ரப்பரும் இருக்கும். பிறர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் சாப்பாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பார். “இது மூணரை மீட்டர் வருமா?” என்று கேட்டு, வந்தது விருந்தாளியா, வீட்டுத் தரகரா என்று வீட்டுக்காரரைக் குழம்பவைப்பார். அலமாரியில் இன்ஜின்கள் அட்டைப்பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருக்கும். தண்டவாளம் மட்டும் வாங்கவில்லை. திட்டமே முடிவாகாமல் எப்படி வாங்குவது? டெவன் மாவட்டக் கடலோரத்தில், பீர் என்றே பெயர் வைத்த ஊரில் இருக்கும் பெக்கோ நிறுவனம், தான் விற்கும் பாயின்ட்டுகளின், அதாவது பாதை பிரியும் இடத்துத் தண்டவாளங்களின், அச்சு வடிவத்தை அசல் அளவிலேயே இலவசமாகத் தருகிறது. அவற்றை அச்சடித்துக் கத்தரித்து, தரைக் கம்பளத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டி, அதன்மேல் ஒரே ஒரு பெட்டியை வைத்து, கன்னத்தைக் கம்பளத்தில் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பிளாட்ஃபாரத்தில் நிற்கும் பயணியின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாராம். அந்த நேரம் பார்த்து வீட்டம்மா துணிக்கூடையோடு உள்ளே வருவார். கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. தெற்குக் கோடி ஸ்டேஷன் முழுவதையும் அது வழித்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் தள்ளிவிடும். நம்மவருக்குக் கோபம் வராது. கதவின் வீச்சைக் கணக்கில் சேர்க்க விட்டுப்போயிற்றே, நல்லவேளை இப்போதே தெரிந்தது என்று புதுத் தாளை எடுத்துக்கொள்வார். கவனிக்க வேண்டியது இந்தக் கோபமின்மையைத்தான்.

ஏனென்றால் அவரைப் பற்றி ஊர் சொல்வது வேறு. “பாவம், ஆசை இருக்கிறது, இடம் இல்லை” என்று ஊர் இரக்கப்படுகிறது. இரக்கம் தப்பான விலாசத்துக்குப் போகிறது. இடமில்லாததுதான் அவருடைய மூலதனம். கணக்கைப் பார்த்தாலே விளங்கும். மாடல் ரயிலுக்குப் பிரிட்டனில் அதிகம் புழங்கும் ‘ஓஓ’ அளவு 1:76. அந்தக் கணக்கில் நிஜமான ஒரு கிலோமீட்டர் 13 மீட்டராகிறது. அதாவது அறையைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, தெருவுக்கே போய்விடும். 1950-களில் வந்த மார்க் 1 பயணிப் பெட்டி ஒன்று சுமார் 26 செ.மீ. நீளம். அறையின் அகலவாக்கில் எட்டுப் பெட்டிகளைக் கோத்தால் வால் ஒரு சுவரில் உரசும், தலை எதிர்ச்சுவரில் முட்டும். இன்ஜினைத் தோட்டத்தில்தான் நிறுத்த வேண்டும். சரி, வளைத்து ஓட்டலாம் என்றால், கடையில் கிடைக்கும் ‘இரண்டாம் ஆரம்’ என்கிற வளைவு 438 மி.மீ. அதை 76-ஆல் பெருக்கினால் 33 மீட்டர். அது டிராம் திரும்புகிற தெருமுனை. எடின்பரோ எக்ஸ்பிரஸ் அந்த வளைவில் வேகமாகத் திரும்பினால் பயணிகள் எடின்பரோவுக்குப் பதில் ஆஸ்பத்திரிக்குத்தான் போய்ச் சேருவார்கள். ஒரு பாதையை இன்னொன்றின் மேல் தாண்டவைக்க ஏழரை செ.மீ. உயரமாவது ஏற வேண்டும். 40-க்கு 1 சரிவு வைத்தால் அதற்கே மூன்று மீட்டர் நீளம் தேவை. அறையின் நீண்ட சுவரே மூன்றரை மீட்டர். ரயில் மலையேறி மூச்சு வாங்குவதற்குள் ஜன்னல் வந்துவிடும். ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர். நடுவில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளுக்குத் தொப்பை வேறு. வளைவைத் தளர்த்தினால் பிளாட்ஃபாரம் குறுகும், பிளாட்ஃபாரத்தை நீட்டினால் பாயின்ட்டுக்கு இடம் போதாது, பாயின்ட்டைத் தள்ளிப்போட்டால் கதவு இடிக்கும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசைகிற இப்படிப்பட்ட புதிர் பெரிய மண்டபம் வைத்திருப்பவனுக்குக் கிடைக்குமா?

இது வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது. அவருடைய பிரச்சினைக்கு விடை கிடைத்துப் பல காலம் ஆகிவிட்டது. அந்த விடை அவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் அதைத் தொடுவதில்லை. ரெயில்வே மாடலர் பத்திரிகையின் ஆசிரியராகப் பல்லாண்டுகள் இருந்த சிரில் ஃப்ரீசர், சிறு இடத்துக்கான திட்டங்களை வரைந்து குவித்தவர். 1957-இல் அவர் வெளியிட்ட ‘மினோரீஸ்’ என்ற திட்டத்துக்கு லண்டன் தெரு ஒன்றின் பெயர். நகரத்து டெர்மினஸ் ஒன்றை, இரட்டைப் பாதையோடும் பரபரப்போடும், ஒரு சுவரோரம் அடக்கிக் காட்டிய திட்டம் அது. இன்றும் பலர் அதைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைவிடச் சிறியது ஆலன் ரைட் என்பவர் வகுத்த ‘இங்கிள்நுக்’. இரண்டே பாயின்ட், வேகன்களை நிறுத்திவைக்க மூன்றே சைடிங். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. மொத்தம் எட்டு வேகன்களில் ஐந்தைக் குலுக்கிப்போட்டு எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஷண்டிங் செய்து நிறுத்த வேண்டும். வரிசையையும் கணக்கில் சேர்த்தால், எட்டில் ஐந்தை எடுக்கும் வழிகள் 6,720. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும், ஒரு முறை வந்தது மறுமுறை வராமல் மூன்று வருஷம் விளையாடலாம். இவ்வளவும் ஒரு புத்தக அலமாரித் தட்டில் அடங்கும். கை பழகியவர் இரண்டு விடுமுறை நாளில் தண்டவாளம் போட்டுவிடுவார். நம்மவரிடம் சொல்லிப் பாருங்கள். “அருமையான திட்டம்!” என்பார். கண்கள் பளபளக்கும். “அதையே என் திட்டத்தின் வடமேற்கு மூலையில் துறைமுகச் சைடிங்காகச் சேர்த்திருக்கிறேன்” என்று பதினான்காம் தாளை விரிப்பார்.

அளவைச் சுருக்கினாலும் கதை இதுதான். பிரிட்டிஷ் ‘என்’ (N) கேஜ் 1:148. தண்டவாள அகலம் 9 மி.மீ. அதற்கு மாறினால் அதே அறை பரப்பில் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிடுகிறது. பிரச்சினை தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர் தன் ஆசைப் பட்டியலையும் நான்கு மடங்காக்கிவிடுவார். கிளைப் பாதைக்கு ஒரு கிளை முளைக்கும், மலைக்குப் பின்னால் நிலக்கரிச் சுரங்கம் தோன்றும். அமெரிக்கத் திட்ட நிபுணர் ஜான் ஆம்ஸ்ட்ராங், மாற்ற முடியாதவை ஒரு பட்டியல், வேண்டுமென்று மனம் கேட்பவை ஒரு பட்டியல் என்று முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னார். நல்ல யோசனை. நம்மவரின் முதல் பட்டியலில் நான்கு வரி. இரண்டாவதற்குப் பின்னிணைப்பு உண்டு. ஒன்பது பொருத்தம் கூடிவந்த ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்தாவதைத் தேடும் பெரியப்பாவின் முகக்களை அப்போது அவருக்கு வந்துவிடும். இதற்கு மேல், ஓஓ அளவின் 16.5 மி.மீ. தண்டவாளம் 1:76-க்குச் சரியாகப் பொருந்தாது, உண்மையில் 18.83 வேண்டும் என்கிற சங்கதி வேறு இருக்கிறது. அந்தப் பேச்சை அவர் எடுத்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவது உத்தமம்.

“பெரிய இடம் கொடுத்துப் பாருங்கள், கட்டிக் காட்டுவார்” என்று அவருக்காகப் பரிந்து பேசுபவர்கள் உண்டு. பெரிய இடம் கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி. பாடகர் ராட் ஸ்டூவர்ட் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் ஒரு மாடியையே ஒதுக்கி, வானளாவிய கட்டடங்கள் நிறைந்த அமெரிக்க நகரம் ஒன்றை இருபது வருஷத்துக்கு மேல் உழைத்துக் கட்டினார். 2019-இல் ரெயில்வே மாடலரில் அது வெளிவந்தது. ஆனால் அவர் கச்சேரிக்குப் போன ஊர்களிலும் ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, அங்கே உட்கார்ந்து கட்டடங்களை ஒட்டிக்கொண்டிருந்தவர். கட்டுகிறவனுக்கு ஹோட்டல் மேஜையே போதும் என்பதற்கு அதுவே சாட்சி. கட்டாதவனுக்கு மாளிகை கொடுத்தாலும், மாளிகைக்குத் திட்டம் போடுவான். இன்னொன்று, கட்டியதற்கு ஆயுள் உத்தரவாதம் கிடையாது. கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் அமைத்த மலை ரயில்வே உலகமெங்கும் பெயர் பெற்றது. அவர் 1973 ஜனவரியில் காலமானார். சில நாள்களிலேயே அந்த ரயில்வே தீக்கிரையாயிற்று. இதைச் சொல்லும்போது நம்மவர் உண்மையாகவே வருந்துவார். வருந்தியபடியே, தன் தாள்கள் இருக்கும் தகரப் பெட்டி மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

அப்படியானால் இது சோம்பலுக்குச் சூட்டிய அழகான பெயர்தானே என்பது அடுத்த ஆட்சேபம். இதில் உண்மை இல்லாமலில்லை. ரம்பத்தை எடுத்தால் முதல் கோணல் வெட்டிலேயே கனவு கலைந்துவிடும் என்கிற பயம் அவருக்கு உண்டு. பிளைவுட்டில் விழுந்த வெட்டை அழிக்க ரப்பர் கிடையாது. ஆனால் சோம்பேறி ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து, கூட்ஸ் வண்டியிலிருந்து இன்ஜினைக் கழற்றி மறுகோடிக்குக் கொண்டுவர வழி இருக்கிறதா என்று பார்ப்பானா? சரக்கு எங்கிருந்து வருகிறது, காலி வேகன் எங்கே திரும்புகிறது, ஞாயிற்றுக்கிழமை பால் வண்டி உண்டா என்று டைம்டேபிள் எழுதுவானா? அவர் செய்கிற வேலை ஒரு ரயில்வேயின் தலைமை இன்ஜினீயர் செய்கிற வேலையேதான். அதோடு, வரைபடத்தோடு நின்றுபோன ரயில்வே ரயில்வே ஆகாது என்று சொல்கிறவர்கள் பிரிட்டனின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். 1840-களில் அங்கே ரயில்வே வெறி பிடித்து ஆட்டியது. திட்டங்களைத் தாக்கல் செய்ய 1845 நவம்பர் 30 கடைசி நாள் என்று அறிவித்ததும், வரைபடங்களைச் சுமந்துகொண்டு ஆட்கள் தனி ரயில் பிடித்து லண்டனுக்கு ஓடினார்கள். அடுத்த ஒரே ஆண்டில் நாடாளுமன்றம் இருநூற்றுக்கும் மேற்பட்ட ரயில்வேச் சட்டங்களை நிறைவேற்றியது. அனுமதி பெற்றவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடைசிவரை கட்டப்படவே இல்லை. பங்கு வாங்கிய பாதிரியார்களும் விதவைகளும் கையிருப்பை இழந்ததுதான் மிச்சம். நிஜ ரயில்வேயை அச்சு அசலாக மாடல் செய்வதுதான் லட்சியம் என்றால், அதன் இந்த அத்தியாயத்தை நம்மவரைவிடத் துல்லியமாக மாடல் செய்தவர் யாருமில்லை. அதிலும் எவர் பணத்தையும் அவர் முழுங்கவில்லை.

வீட்டாரின் ஆட்சேபம் ஒன்றைத்தான் நான் லேசாக ஒதுக்க மாட்டேன். அந்த அறையில் விருந்தாளிக்குக் கட்டில் போடலாம், பேரப்பிள்ளை வந்தால் படுக்கவைக்கலாம், தையல் மெஷினுக்கு வெளிச்சம் கிடைக்கும். நியாயமான கோரிக்கைகள். ஆனால் யோசித்துப் பார்த்தால், கட்டி முடித்தவர் வீட்டில்தான் இவை எதற்கும் வழியில்லை; நாலு சுவரையும் பலகை வளைத்துக்கொண்டிருக்கும், உள்ளே போகவே குனிந்து தவழ வேண்டும். திட்டக்காரரின் ரயில்வேயைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். அவர் வீட்டம்மாவும் இதை என்றோ கணக்குப் போட்டு வைத்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது. பிறந்தநாளுக்கு ரம்பம் வாங்கிக்கொடுக்காமல் வரைதாள் கட்டு வாங்கிக்கொடுக்கிறவர் கணக்குத் தெரியாதவராக இருக்க முடியாது.

ஆகவே, இப்படி ஒருவர் உங்கள் முன்னால் தாளை விரித்தால், “எப்போது கட்டப்போகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மூன்றாவது சைடிங்கில் எத்தனை வேகன் நிற்கும் என்று கேளுங்கள். அரை மணி நேரம் ஒரு மனிதரைச் சந்தோஷமாக வைத்த புண்ணியம் உங்களுக்கு. யோசனை சொல்லித்தான் தீருவேன் என்றால் துறைமுகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொல்லுங்கள், சுரங்கப்பாதையை நீட்டச் சொல்லுங்கள், எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். கீலை மாற்றிக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி செய்துவிடலாமே என்று மட்டும் சொல்ல வேண்டாம்.