பீடித்தட்டு வைத்தியம்

ஏட்டி, அந்தப் போனக் கொஞ்சம் கமுத்தி வையி. ஆச்சி பேசுதேன்லா. பெருசா ஒரு விசயமும் இல்ல. கால நீட்டி உக்காந்தா வாயும் சேந்து நீளுது, அவ்வளவுதான்.

நேத்து ராத்திரி அதுல ஒருத்தி பேசிக்கிட்டு இருந்தாளே, கண்ண மூடு, மூச்ச இழு, பைய விடுன்னு. நானும் கட்டில்ல கெடந்து கேட்டேன். இழுத்தேன், விட்டேன். எழுவத்தெட்டு வருசமா இந்தச் சோலியத்தான பாக்கேன், ஒரு பய துட்டு தரலயேன்னு நெனச்சிக்கிட்டேன். வருசத்துக்கு எவ்வளவு கட்டுத அதுக்கு? வேண்டாம், சொல்லாத. அப்புறம் எனக்கு மூச்சு நின்னுரும்.

கொறையாச் சொல்லல. கொரலு தேன் மாதிரிதான் இருக்கு. ஆனா அவ ஒன்னப் பாத்து, "என்னட்டி மொகம் வாடிக் கெடக்கு, சாப்ட்டியா இல்லையா"ன்னு கேக்க மாட்டாளே. நீ தேம்பித் தேம்பி அழுதாலும் மூச்ச விடுன்னுதான் சொல்லுவா.

சரி, அது கெடக்கட்டும். ஒனக்கு ஊருல நல்ல பொம்பளைன்னு பேரு எடுக்கணுமா? வழி நான் சொல்லுதேன், ஒத்தப் பைசா வேண்டாம். காலைல எல்லாருக்கும் காப்பி ஆத்திக் குடு, ஒனக்குள்ளது மூலையில இருந்து ஆடை கட்டட்டும். இட்லி எல்லாருக்கும் ஆவி பறக்க வையி, துணில ஒட்டிப் பிஞ்சது ஒனக்கு. மத்தியானம் பானைல மிஞ்சுனது எவ்வளவோ அதுதான் ஒன் பசி. நர்சம்மா ரத்தம் எடுத்துப் பாக்கணும்னு சொன்னா, "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்"னு சொல்லிட்டு, மச்சுப்படி ஏறையில செவுத்தப் பிடிச்சிக்க. இப்பிடியே ஒரு இருவது வருசம் இருந்தேன்னு வையி, ஊரே சொல்லும், மகராசி, தனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்லன்னு. எப்பச் சொல்லும் தெரியுமா? பாடை கட்டையில.

கீழத்தெரு பிள்ள ஒருத்தி வாராள்லா, மக்களைத் தேடி மருத்துவத்துல எனக்குப் பிரசர் பாத்து மாத்திரை குடுக்கவ, அவதான் ஒரு கணக்கு சொன்னா. 2019லருந்து 21 வரைக்கும் சர்க்கார் வீடு வீடாப் போயி எடுத்ததாம். நம்ம தமிழ்நாட்டுல 15 வயசுலருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைகள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தச்சோகை. எனக்கு நூறு கணக்கு வராது, பீடிக் கணக்குதான் வரும். ஒரு கட்டுக்கு 25 பீடி. அதுல பதிமூணு கழிவுன்னா கடைக்காரன் கட்டத் தூக்கி மூஞ்சில எறிவான். பொம்பளைகள்ல இருவத்தஞ்சுக்குப் பதிமூணு வெளிறிப் போயி நிக்கா, ஒருத்தன் ஏன்னு கேக்கக் காணோம்.

இரும்புச்சத்து மாத்திரைய ஒன் தலவாணி ஒறைக்குள்ள பாத்தேன். ஆமா, பாத்தேன். ஒறை துவைக்க எடுத்தேன், உளவு பாக்க இல்ல. அத முழுங்கிட்டு அடுத்த நிமிசம் காப்பியக் குடிச்சா, காப்பியும் டீயும் அந்தச் சத்த ஒட்ட விடாது. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சி ஒரு வாய் குடி, ஒட்டும். வெளிக்கிருந்தா கறுப்பாத்தான் போவும், அதப் பாத்து பயந்து நிறுத்திராத. நான் பயந்தேன். குடலு கருகிட்டுன்னு ஒந்தாத்தாகிட்ட சொத்து வெவரமெல்லாம் சொல்லிட்டேன், அத இன்னைக்கு வரைக்கும் திரும்ப வாங்க முடியல.

ஒந்தாத்தா ஒரு நா பேப்பர் வாசிச்சாவ, சத்தமா. 2019ல இந்தியா முழுக்க ஒரு கணக்கு எடுத்திருக்காவ, ஒரு நாளையில யாரு என்ன சோலிய எவ்வளவு நேரம் பாக்கான்னு. வீட்டுச் சோலி பாக்குத பொம்பளை நாளைக்கு 299 நிமிசம் பாக்காளாம், அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு நிமிசம் கொறவு. அந்த ஒரு நிமிசம் எதுக்குன்னு தெரியல, தும்மியிருப்பா. ஆம்பளை 97 நிமிசம். அடேயப்பா, பரவால்லயேன்னு நெனச்சேன். பெறவுல்லா தெரியிது, வீட்டுச் சோலியத் தொட்டவனே நூத்துக்கு 26 பேருதான், அவனுக்குத்தான் இந்த 97. மத்த 74 பேரு கணக்கெடுக்கப் போனவன் கூட உக்காந்து காப்பி குடிச்சிருப்பான். ஒந்தாத்தா அத வாசிச்சி முடிச்சி, "அநியாயமா இருக்கே"ன்னாவ. பேப்பர மடிச்சி வச்சாவ. "ஒரு காப்பி போடேன்"ன்னாவ.

சிரி, சிரி. பத்து நாளைக்குப் பெறவு இப்பத்தான் பல்லு தெரியிது.

நான் ஒண்ணும் ஒன்ன மாதிரி காலேசுக்குப் போனவ இல்ல. எனக்குக் காலேசு மேலத்தெரு திண்ணைதான். இந்த ஆலங்குளம், பாவூர்சத்திரம், முக்கூடல் பக்கம் பூராவும் அப்ப அப்பிடித்தான், எந்தத் திண்ணையப் பாத்தாலும் ஆறு பேரு மடியில தட்ட வச்சிக்கிட்டு பீடி சுத்துவாளுவ. ராத்திரி இலைய நனைச்சி ஈரத்துணில பொதிஞ்சி வைக்கணும், காலைல தகரத்த வச்சி கத்தரிக்கணும், தூளத் தூவிச் சுத்தி, நூலக் கட்டி, மொகத்த மடக்கணும். நாளைக்கு ஆயிரம் பீடி. கையி சுத்தும், கண்ணு இலைல இருக்கும், வாயி மட்டும் சும்மா இருக்கும்லா? அதுக்கும் சோலி வேணும். புறணி.

ஏன் மொகத்தச் சுளிக்க? புறணின்னா ஒனக்குக் கேவலம். ஒங்க ஊருல அதுக்கு மணிக்கணக்குக்குத் துட்டு வாங்கிக்கிட்டு நாற்காலி போட்டுக் கேக்காவளாமே.

புறணிக்கு ஒரு கிரமம் உண்டு, கேளு. மொத நூறு பீடிக்கு ஊருக்கு அந்தப் பக்கம் உள்ளவ கதை. அவ மாமியா இப்பிடியாம், அவ புருசன் அப்பிடியாம். முந்நூறு பீடி ஆவையில நம்ம தெரு வந்துரும். ஐநூறு தாண்டுனா, இலைய விட்டு கண்ண எடுக்காமலே ஒருத்தி சொல்லுவா, "ஒருத்திக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லையாம், நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்காம்." எவளுக்குன்னு ஒருத்தியும் கேக்க மாட்டா. எல்லாருக்கும் தெரியும். "அவளுக்கு வீட்டுல சரியா சோறு இருக்கா"ன்னு ஒருத்தி கேப்பா. "அவள ரெண்டு நா தாயி வீட்டுக்குப் போயிட்டு வரச் சொல்லு, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லு"ன்னு இன்னொருத்தி சொல்லுவா. எனக்கு வருத்தமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்ல நம்ம பொம்பளைகளுக்கு நாக்கு வராதுட்டி. அடுத்தவ கதைக்குள்ள தன் கதைய ஒளிச்சி வச்சித்தான் குடுப்பா. வாங்குதவளும் அத அப்பிடியேதான் வாங்கிக்கிடணும், பிரிச்சிப் பாக்கக் கூடாது.

தைல ஒன் வீட்டுக்கு வந்து பத்து நா இருந்தேன்லா. அடுக்குமாடின்னு பேரு, அடுக்கி வச்சிருக்காவ, அவ்வளவுதான். எதுத்த வீட்டுக்காரி பேரு என்னட்டின்னு கேட்டேன். "எஃப் நாலு ஆன்ட்டி"ன்ன. நாலு வருசமா எதுத்தாப்புல இருக்கா, அவளுக்குக் கதவு நம்பருதான் பேரு! ஒன் போனுல பொம்பளைகளா எரநூத்திப் பத்து பேரு ஒரு குரூப்புல இருக்காவளாம். மாவு எங்க நல்லாருக்கும், குழாக்காரன் நம்பரு என்ன, எல்லாம் வருது. ஒனக்குக் காச்சல் வந்தன்னைக்கு எரநூத்திப் பத்து பேரும் கையெடுத்துக் கும்புடுத பொம்மையப் போட்டாளுவ. ரசம் வச்சிக் கொண்டு வந்தவ எவ? அந்த எஃப் நாலுதான். அடுத்த தடவ போனா மொதச் சோலியா அவ பேரக் கேளு. அப்பிடியே அவ மாமியாளப் பத்தியும் கேளு.

அதுக்காக எங்க திண்ணைய கோயிலு மாதிரி நெனச்சிராத. முதுகு கூனுனது அங்கனதான், பீடித்தூளு நெஞ்சுல ஏறி எனக்கு இன்னும் எறங்கல. எங்க வாயில விழுந்து கலியாணம் தட்டிப்போன குமருக ரெண்டு மூணு உண்டு. அதுல ஒண்ணுல எம்பங்கும் இருக்கு. அத இப்பச் சொல்லி என்ன.

வேற ஒண்ணு சொல்லணும். எங்க தட்டுக் கூட்டத்துல ஒருத்தி, எனக்கு ஒரு வயசு எளப்பம். எங்க எல்லாரையும் விட அவளுக்குத்தான் வாயி. அவ மாமியா மாதிரி நடந்து காட்டுவா பாரு, சிரிச்சி சிரிச்சி மடியில உள்ள தூளெல்லாம் கீழ கொட்டும். ரெண்டாவது பிள்ளைக்குப் பெறவு வந்து உக்காந்தா. பேச்சு இல்ல. மொகத்த மடக்காமலே பீடியக் கட்டி வச்சிருவா, கழிவு கழிவா விழும். "என்னட்டி ஒன் மாமியா எப்பிடி இருக்கா"ன்னு நான் கிண்டிப் பாத்தேன். "நல்லாருக்காவ"ன்னா. அந்த மாமியாள நல்லாருக்காவன்னு சொல்லுததுன்னா பாத்துக்கோ! அன்னைக்கே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். தட்டல. பிள்ள அழும், இவ செவுத்தப் பாத்துக்கிட்டு இருப்பா. காத்து கருப்பு பட்டுட்டுன்னோம். கோடங்கியக் கூட்டிட்டு வந்தோம். அவன் வேப்பங்கொழையால அடிச்சான். நான் அவ கையப் பிடிச்சிக்கிட்டேன், திமிறாம இருக்கட்டும்னு. அவ எங்க திமிறுனா? சும்மாத்தான் இருந்தா.

அவ அண்ணன்காரன் வந்து எங்கள எல்லாம் ஏசிட்டு, பாளையங்கோட்ட ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். மாத்திரை குடுத்தாவ, பேச வச்சாவ. மாசக்கணக்கு ஆச்சி. திரும்பி வந்து ஒரு நா தட்ட எடுத்து மடியில வச்சா. என்னப் பாத்து மொத வார்த்தை கேட்டா, "ஏ சவத்து மூதி, ஒனக்குக் கை வலிக்கலயாட்டி அன்னைக்கு?" அம்புட்டு சந்தோசம் எனக்கு. அழுதுக்கிட்டே இருநூறு பீடி சுத்துனேன். அன்னைக்கு எங்கட்டுலதான் கழிவு.

இது எதுக்கு இப்பன்னா கேக்க? நீ வந்து பத்து நா ஆச்சி. பிள்ளைக்கு நாலு மாசம். இந்தப் பத்து நாளும் ஒன் மாமியாளப் பத்தி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கொறை சொல்லல. கேட்டா, "நல்லாருக்காங்க ஆச்சி"ங்க. அந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாதா? சம்மந்தி வீட்டுல கைநனைச்சவ நான். சாம்பார்ல உப்பு இருக்கான்னு கேட்டா ஜாதகத்தப் பாத்துட்டு பதில் சொல்லுதவ. அவ கூட இருந்துட்டு ஒனக்கு ஒரு புறணி இல்லன்னா, எனக்குப் பயமால்லா இருக்கு.

"தூக்கம் பிள்ளையாலதான் இல்ல"ங்க. பிள்ள ரெண்டு மணியிலருந்து அஞ்சு மணி வரைக்கும் தூங்குது, நான் எந்திரிச்சிப் பாத்தேன். நீ தூங்கல. அந்தக் கீழத்தெரு பிள்ளகிட்ட ஒருத்திக்கு இப்பிடியாம்னு கேட்டேன். எவளுக்குன்னு அவ கேக்கல, வெவரமான பிள்ள. பெத்த மொத ரெண்டு வாரம் எல்லாருக்கும் கண்ணு சும்மா சும்மா நனையுமாம், அது தானா வத்திருமாம். அதுக்கு மேலயும் இழுத்துச்சின்னா அது சீக்கு, காச்சல் மாதிரி, சக்கரை மாதிரி. டாக்டர்தான் பாக்கணும். பால் குடுக்கவளுக்கும் ஏத்த மாத்திரை இருக்காம். தைராய்டு கூட இப்பிடி ஆளச் சாய்க்குமாம், ரத்தம் எடுத்தா தெரிஞ்சிருமாம். 14416ன்னு ஒரு நம்பரு குடுத்தா, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாவளாம், தமிழ்ல பேசலாம், துட்டு கெடையாது. காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன். மூச்ச விடச் சொல்லுதவளுக்குக் குடுத்த துட்டுதான் போச்சி.

அழு, அழு. பிள்ளைய இங்க குடு. மூக்க என் சேலையிலயே தொடச்சிக்கோ, என்ன பட்டா கட்டியிருக்கேன்.

நாளைக்குச் சோலி சொல்லுதேன் கேளு. 2021 மே மாசத்துலருந்து டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட்டுத் துட்டு இல்லல்லா? அன்னைலருந்து நான் வாரத்துக்கு ஒருக்க பாவூர்சத்திரம் சந்தைக்குக் கத்திரிக்கா வாங்கப் போறேன். ஏ, நம்ம கொல்லைலயே கத்திரிக்கா காச்சித் தொங்குது, ஒந்தாத்தா இன்னைக்கு வரைக்கும் ஒரு கேள்வி கேக்கல! சந்தைப் பக்கத்துலதான் அவ இருக்கா, எங்கையி வலிக்கலயான்னு கேட்டவ, மவன் வீட்டுல. ரெண்டு பேரும் திண்ணைல உக்காந்து ஆயிரம் பீடிக்குள்ள கதைய ஒரு பீடி இல்லாம பேசிட்டு வருவோம். நாளைக்கு நீயும் வா. பாவூர்சத்திரத்துல எறங்கி, அவளயும் கூட்டிக்கிட்டு, பஸ் மாறி தென்காசி. பெரியாஸ்பத்திரி. அவ கூட இருந்தா நல்லது, அவளுக்கு எந்த வரிசைல நிக்கணும், என்ன சொல்லணும், எல்லாம் தெரியும்.

பிள்ளையவா? மச்சுல லேப்டாப்ப வச்சிக்கிட்டு ஒம் மாப்ள இருக்காருல்லா, அவருகிட்ட குடுப்போம். பால எடுத்து வச்சிட்டுப் போ, புகட்டத் தெரியும். எனக்கு எப்பிடித் தெரியுமா? முந்தாநா நீ குளிக்கையில நான் சொல்லிக் குடுத்துட்டேன். நல்லாத்தான் புகட்டுதாரு, கை கொஞ்சம் நடுங்குது. அவருக்கும் ஒன்னப் பாத்து பயமாத்தான் இருக்காம், கேக்கத் தெரியல, ஆச்சி நீங்க கேளுங்கன்னாரு. இதச் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிராத, புறணியாயிரும்.

காலைல எட்டே காலுக்குப் பஸ். அந்தக் கட்டைப்பைய மறக்காம எடுத்துக்கோ. வெறுங்கையோட திரும்பி வந்தா ஊரு நம்பாது, ரெண்டு கிலோ கத்திரிக்கா வாங்கித்தான் ஆவணும்.