பச்சை விளக்கு எனும் நான்காம் அளவை

பெறுநர்: மாண்புமிகு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புது தில்லி.

பொருள்: வீட்டு மெஷ் வைஃபை, அதன் பச்சை விளக்கு, அவ்விளக்கின் கீழ் உயிருடன் இருப்பதாக நம்பப்படும் சந்தாதாரர் தொடர்பாக.

1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஆணையம் தனிநபர் புகார்களை நேரடியாக ஏற்று விசாரிப்பதில்லை என்பது அதன் நெறிகளுள் தலையாயதாகையால், இவ்விண்ணப்பத்தில் தனிநபர் எவரும் நுழைந்துவிடாதவாறு பெருங்கவனம் செலுத்தப்பட்டுள்ளது. தருமபுரிக்கும் தொப்பூர்க் கணவாய்க்கும் இடையே, சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய நல்லம்பள்ளியில் வாழும் ஓய்வூதியர் ஒருவர் இதில் வருகிறார் எனினும், அவர் புகார்தாரராக வரவில்லை. ஆய்வுப்பொருளாக மட்டுமே வருகிறார். அவருக்கு இணையம் வழங்கும் நிறுவனத்தின் பெயரும், எல்லா நிறுவனங்களும் அப்பெருமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தால் விடப்பட்டுள்ளது.

நவம்பர் என்பது மத்திய அரசின் ஓய்வூதியர்கள் தாம் உயிருடன் இருப்பதை அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டிய மாதம். 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் எனும் மின்னணு உயிர்வாழ்ச் சான்று முறையில், கைப்பேசிக் கேமராவின் முன் முகத்தைக் காட்டிக் கண்ணை இமைத்தால், ஆதார்ப் பதிவோடு அம்முகத்தை ஒப்பிட்டுச் சான்று வழங்கும் வசதி 2021 முதல் உள்ளது. கடந்த நவம்பரில் மேற்படி ஓய்வூதியர், மாத வாடகைக்குப் பெற்ற மூன்று வெள்ளை மெஷ் பெட்டிகளுள் மூன்றாவதன் எதிரே, மாடியறையில் அமர்ந்து, திரை கேட்டவாறே இமைத்தார், வட்டம் சுற்றியது. மறுபடி இமைத்தார், மறுபடி சுற்றியது. பேரப் பிள்ளைகளும், கீழ்வீட்டுக் குடித்தனக்காரரும், பால் கணக்குப் பார்க்க வந்தவரும் கூடி நிற்க, அவர்களுள் ஒருவர் "நல்லா இமைங்க ஐயா" என்று ஊக்கமும் கொடுக்க, அந்த முதியவர் தாம் இறக்கவில்லை என்பதைக் கண்ணிமைகளால் வாதாடிக்கொண்டே இருந்தார். நிறுவனத்திடம் புகார் பதியப்பட, அன்று மாலையே அங்கிருந்து, 'தங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது' என்ற குறுஞ்செய்தி வந்தது. உதவி மையத்தை அழைத்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்கப்பட்டது: "பெட்டியில் பச்சை லைட் எரியுதா சார்?" எரிந்தது. "அப்போ நெட் வருது சார்."

இவ்விடையின் தத்துவ ஆழம் ஆணையத்தின் பார்வைக்கு உரியது. ஒரு பொருளை மெய்யென அறிவதற்கான வழிகளைத் தமிழ் மரபு அளவை என்று அழைத்து, காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தது. நேரில் காண்பது காட்சி; புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது கருதல்; சான்றோர் மொழியை ஏற்பது உரை. நெட் வரவில்லை என்று ஓய்வூதியர் கண்டது காட்சி. வட்டம் சுற்றுவதிலிருந்து வீட்டார் முடிவு கட்டியது கருதல். மூன்று தலைமுறையினர் ஒருமித்துச் சொன்னது உரை. இம்மூன்றையும் ஒரே நொடியில் தள்ளிவிட்டுப் பச்சை விளக்கு எனும் நான்காம் அளவையை நிறுவனம் நிலைநாட்டியிருப்பது தருக்க நூல் வரலாற்றில் ஒரு திருப்பம் என்றே கொள்ளத்தக்கது.

மெஷ் என்பது வீட்டில் ஒரே ரூட்டருக்குப் பதிலாகப் பல பெட்டிகளை வைத்து, அவற்றை ஒன்றோடொன்று வலைக்கண்ணிபோல் இணைத்து, எல்லா அறைகளுக்கும் ஒரே பெயரில் வைஃபை வழங்கும் ஏற்பாடு. இதற்கான 802.11எஸ் எனும் தொழில்நுட்பத் தரம் 2011-இல் வெளியானது. வீட்டுப் பயன்பாட்டுக்கான பெட்டிகள் 2016-ஐ ஒட்டி அமெரிக்கச் சந்தையில் பரவின. வெவ்வேறு நிறுவனப் பெட்டிகள் தம்முள் பேசிக்கொள்ள வேண்டும் என்ற நோக்கில் ஈஸிமெஷ் என்ற பொதுத் தரம் 2018-இல் அறிவிக்கப்பட்டது. மரச்சட்டமும் மெல்லிய பலகையும் கொண்ட சுவர்கள் மிகுந்த நாட்டில் பிறந்த இக்கருவி, தருமபுரி வட்டாரத்துக் கருங்கல் சுவரையும் அதன்மேல் போட்ட கான்கிரீட் தளத்தையும் முதன்முறையாகச் சந்திக்கும்போது கொள்ளும் திகைப்பை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகம் மிக்கது, ஆனால் சுவரைக் கண்டால் தளர்வது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரை ஓரளவு கடப்பது, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் அதில் மூன்றே இருப்பதால், பக்கத்து வீட்டு ரூட்டர்கள் அனைத்தும் அந்த மூன்றிலேயே நெருக்கியடிப்பது.

பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையிலான தொடர்பைப் பேக்ஹால் என்பர். அதற்குக் கம்பி இழுத்திருந்தால் தொல்லை குறைவு. கம்பி இழுக்காமல், அதற்கெனத் தனி ரேடியோவும் இல்லாத மலிவுப் பெட்டிகளை அடுக்கினால், ஒரே ஆள் ஒரே கையால் குடத்தை வாங்கி அதே கையால் அடுத்தவருக்கு நீட்ட வேண்டிய நிலை ஏற்பட்டு, ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். கீழ்வீட்டு வாசலில் 100 மெகாபிட்டாக இறங்கிய இணையம், இரண்டாம் பெட்டிக்கு 50 ஆகி, மூன்றாம் பெட்டிக்கு 25 ஆவது கணக்கு. கருங்கல்லும் கான்கிரீட்டும் தத்தம் பங்கைப் பிடித்துக்கொண்டபின் மாடியறையில் மிஞ்சுவது பச்சை விளக்கு. அவ்விளக்குப் பொய் சொல்வதில்லை என்பதையும் நேர்மையுடன் பதிவு செய்தாக வேண்டும். அந்நிறுவனத்தின் பெட்டியில் அது உரைப்பது, 'பக்கத்துப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது' என்பதை மட்டுமே. பக்கத்துப் பெட்டிக்கு அப்பால் இணையம் இருக்கிறதா, உலகம் இருக்கிறதா என்பன அதன் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்ட வினாக்கள்.

மாடியிலிருந்து கீழே இறங்கும்போது கைப்பேசி அருகிலுள்ள பெட்டிக்குத் தானாக மாறிக்கொள்ளும் என்பது விற்பனை ஏட்டின் வாக்கு. எப்போது மாறுவது என்ற முடிவு கைப்பேசியின் கையில் உள்ளது, 802.11கே, 802.11வி என்னும் தரங்களின் வழியே பெட்டி அறிவுரை கூறலாம், கைப்பேசி அதைக் கேளாமலும் இருக்கலாம். மூன்றாம் பெட்டியின் நலிந்த அலையை விடாமல் பற்றிக்கொண்டு, முதல் பெட்டியின் காலடியில் நின்றும் வேகமின்றித் தவிக்கும் கைப்பேசியை வலையமைப்பாளர்கள் ஒட்டிக்கொள்ளும் கருவி என அழைப்பர். நல்லம்பள்ளி வீட்டில் இணையம் தடையின்றிக் கிடைக்கும் ஒரே இடம் மாடிப்படியின் திருப்பம். ஆகவே பேத்தியின் இணையவழி வகுப்பும் மருமகனின் அலுவலகக் கூட்டமும் படிக்கட்டிலேயே நடைபெறுகின்றன.

மின்தடை குறித்து நிறுவனம் கொண்டுள்ள மௌனமும் போற்றத்தக்கது. தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டரின் இணைப்பு விளக்குக்கும் மின்விசிறிக்கும் தொலைக்காட்சிக்கும் தரப்பட்டிருக்கும். அறையின் மூலையில் உள்ள பிளக்குக்குப் பெரும்பாலும் இராது, பெட்டி அமர்வதோ அந்த மூலையில். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும், ஒளியிழையை வீட்டில் முடிக்கும் மோடம் முதலில் விழித்து, அதன்பின் முதல் பெட்டி விழித்து, அதன்பின் மற்றவை அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. அதற்குள் மறுபடி மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இச்செய்தியை விற்கும்போது ஒருவரும் சொல்வதில்லை. மூன்று பெட்டிக்கு வாடகை வாங்குகிறவர்கள், எந்தப் பிளக்கில் செருகுவது என்பதைக் கூடச் சொல்லாமல் போவது அலட்சியம். எழுபது வயதைக் கடந்தவரை ஊர் பார்க்க இமைக்க வைத்துவிட்டுத் 'திருப்திகரம்' என்று செய்தி அனுப்புவது அயோக்கியத்தனம். பச்சை விளக்கின் அருளால் இவ்வாறான கடுஞ்சொற்கள் இனி இவ்விண்ணப்பத்தில் வாரா.

ஆணையத்தின் கொடைகளை மறப்பதற்கில்லை. 2004-ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதை அகலப்பட்டை என்று ஏற்றது. அது 2013-இல் 512 கிலோபிட்டாகி, ஆணையத்தின் பரிந்துரையை ஏற்றுத் தொலைத்தொடர்புத் துறை 2023 சனவரியில் வெளியிட்ட அறிவிக்கையால் 2 மெகாபிட்டாக உயர்ந்தது. அவ்வரையறை, நிறுவனத்தின் சேவை முனையிலிருந்து 'தனிப்பட்ட சந்தாதாரருக்கு' அவ்வேகம் கிடைக்க வேண்டும் என்கிறது. வரையறையில் வாழும் இந்தத் தனிப்பட்ட சந்தாதாரர் புகார் கொடுக்கும் வேளையில் மட்டும் மறைந்துவிடுவதும், அவர் வாசலில் நிற்கிறாரா மாடியில் இருக்கிறாரா என்பது குறித்து வரையறை ஒன்றும் கூறாததும் ஆழ்ந்த பொருளுடையவை. தேசிய ஒளியிழை வலையமைப்புக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்து, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்று, தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் விநாடிக்கு 1 கிகாபிட் அளவில் ஒளியிழை கொண்டு செல்வது இலக்காயிற்று. ஊராட்சி வரை வர இத்தனை ஆண்டுகள் பிடித்த ஒளிக்கு, ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு மாடிப்படி ஏற எத்தனை ஆண்டுகள் என்பதைக் கணிக்கும் பொறுப்பு எவருக்கும் ஒதுக்கப்படவில்லை.

2006-ஆம் ஆண்டுச் சேவைத்தர விதிமுறை, பழுதுகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அடுத்த வேலைநாளுக்குள் நீக்கப்பட வேண்டும் என்றது. அதன் இடத்தைப் பிடித்த புதிய விதிமுறை 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூடப்பட்ட புகார் நீக்கப்பட்ட பழுதாக ஏட்டில் ஏறும் வரை இவ்விழுக்காடுகளுக்கு ஒரு குறையும் நேராது. சந்தாதாரர் மனநிறைவு அடையாவிட்டால், 2012-ஆம் ஆண்டுக் குறைதீர் விதிமுறைப்படி மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். அவ்வதிகாரியை அமைப்பது அதே நிறுவனம். அவர் முடிவு கூற விதி தந்திருக்கும் காலம் 39 நாள். நவம்பருக்கு 30 நாள்களே வாய்த்தது நாட்காட்டியின் பிழையாகக் கருதப்பட வேண்டும். இதற்கிடையில் ஓய்வூதியரின் உயிர் வேறொரு வழியில் காப்பாற்றப்பட்டது: இந்திய அஞ்சல் கட்டண வங்கியின் வீடு தேடி வரும் சேவையில், 70 ரூபாய்க் கட்டணத்தில், அஞ்சல்காரர் வந்து தம் கைப்பேசியின் மொபைல் டேட்டாவைக் கொண்டு சில நிமிடங்களில் அவர் உயிருடன் இருப்பதை உறுதி செய்தார். மூன்று பெட்டிகளும் அருகிலிருந்து பச்சையாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆகவே ஆணையத்தின் திருமுன் வைக்கப்படும் வேண்டுகோள்கள் எளியவை. வீட்டுக்குள் வாடகைக்கு விடப்படும் மெஷ் பெட்டியும் சேவையின் ஒரு பகுதியே என்று விதித்து, வேகத்தை வாசல் மோடத்தில் அளப்பதோடு நில்லாமல் கடைசிப் பெட்டியிலும் அளக்கச் செய்யலாம். கம்பியில்லாத் தாவலால் எவ்வளவு குறையும் என்பதைப் பெட்டியின் மேல் தமிழில் அச்சிடச் செய்யலாம். சந்தாதாரர் ஒப்புதல் தராத புகாரை மூடுவோருக்கு அபராதம் விதிக்கலாம். பச்சை விளக்கு எரிவதற்கு முன் அப்பெட்டி வெளியுலகில் ஓர் இடத்தையாவது தொட்டு வந்ததா எனச் சோதிக்க வைப்பது சில வரி மென்பொருளில் முடியக்கூடிய காரியம்.

இவற்றுள் எதுவும் ஆணையத்தின் வரம்பில் இல்லை என்று கண்டறியப்படுமாயின் அதற்கும் வருத்தமில்லை. தொலைத்தொடர்புப் பூசல்களில் நுகர்வோர் மன்றங்களுக்கு இடமில்லை என்ற கருத்து 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றால் வேரூன்றியிருக்க, அம்மன்றங்களை நாடும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்தது. தருமபுரியிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் நல்லம்பள்ளியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அங்கு வழக்கு வருமாயின், பச்சை விளக்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கும் என்பதால், விசாரணை முடியும் வரை அது அணையாமல் எரிய வேண்டிய இன்வெர்ட்டர் செலவை நிறுவனமே ஏற்குமாறு முன்கூட்டியே ஆணையிடும்படி பணிவுடன் வேண்டப்படுகிறது.