பொற்கிழி தொங்கும் கேள்வியை மூடலாமா?

கேள்விக்குப் பரிசு வைக்கும் வழக்கம் பழையது. பரிசு எதற்கு என்று கேட்டால் பதிலுக்குத்தான் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். பொற்கிழியியல் என்றொரு துறை இன்றுவரை தலையெடுக்காமல் போனதற்கு இந்த அவசர பதிலே காரணம். உண்மையில் கிழி கட்டிய கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பல, அவையில் உட்கார்ந்திருக்கும் நடுவர் ஒருவர் "தெளிவில்லை", "அவரவர் அபிப்பிராயம்", "இந்த அவைக்கு உரியதன்று" என்று ஏதாவது காரணம் காட்டி மூடிவிடக்கூடிய கேள்விகளாகவே இருக்கின்றன. ஆகவே நாம் நிறுவப்போகும் கோட்பாடு இது: கிழி பதிலுக்குக் கூலியாவது அப்புறம், முதலில் அது இடம் பிடிக்கப் போடும் துண்டு. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிட்டால், போட்டவர் ஏறி வரும்வரை அந்த இருக்கையில் யாரும் உட்காரத் துணிவதில்லை. கிழி தொங்கும் கேள்விக்கும் அதே மரியாதை கிடைக்கிறது.

முதல் சான்று மதுரையில் இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த கதையை நாகேஷ் வழியாகத்தான் நம்மில் பலர் அறிவோம். 1965இல் வந்த படம் அது. படத்தில் பாண்டியனின் ஐயம் ஊரறிந்த ஐயம்: பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா? புராணத்து அரசனோ இன்னும் ஒரு படி மேலே போகிறான். ஐயத்தை வாய்விட்டுச் சொல்லாமல், தன் மனத்தில் இருப்பதற்கு இசைந்த பாட்டைப் பாடுவோர்க்கு ஆயிரம் பொன் என்று சங்கத்தின் முன் தொங்கவிடுகிறான். கேள்வியே இல்லாத கேள்வி! இதை மூடக் காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. தெளிவு இல்லை; ஆராய்ச்சி எதுவும் செய்ததாகத் தெரியவில்லை; அப்படியே ஐயம் வெளிப்பட்டாலும் அது அரசியின் கூந்தலை முகர்ந்த ஒருவரின் சொந்த அனுபவம். சங்கப் புலவர்கள் இதைவிட நல்ல கேள்விகளை எல்லாம் பலகையை விட்டு இறக்கியிருப்பார்கள். ஆயினும் ஒருவரும் மூச்சு விடவில்லை. கல்யாணத்துக்குப் பணமில்லாத தருமி, ஆலவாய்ச் சொக்கன் எழுதிக் கொடுத்த பாட்டைப் படித்துவிட்டுக் கிழியை அறுக்கப் போகும் நேரத்தில்தான் நக்கீரர் கையை நீட்டித் தடுக்கிறார். அப்போதும் அவர் குற்றம் கண்டது பாட்டின் பொருளில், கேள்வியில் அல்ல. நெற்றிக்கண்ணுக்கே அஞ்சாதவர், தொங்கும் கிழிக்கு அஞ்சியிருக்கிறார் என்பதே இந்தக் கட்டுரையாளரின் துணிபு.

மறுப்பாளர் உடனே பாரிசைக் காட்டுவார். பிரெஞ்சு அறிவியல் அகாதெமி 1775இல், கன சதுரத்தை இரட்டிப்பது, கோணத்தை மூன்றாகப் பிரிப்பது, வட்டத்தைச் சதுரமாக்குவது ஆகியவற்றுக்கு வரும் விடைகளையும், நில்லாமல் இயங்கும் எந்திரங்களையும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று தீர்மானித்தது. மொத்தக் கேள்விகளையும் ஒரே நாளில் மூடிய நடுவர் குழு வேறு உண்டா என்பது ஐயமே. அதிலும் வட்டத்தைச் சதுரமாக்க முடியாது என்பதற்கான நிரூபணத்தை லிண்டெமன் 1882இல்தான் தந்தார்; அதாவது 107 ஆண்டு முன்னதாகவே கதவைச் சாத்திவிட்டார்கள். கிழி எங்கே காப்பாற்றியது என்று கேட்கலாம். கிழியே இல்லை என்பதுதான் பதில். அரசுகள் பெரும் பரிசு அறிவித்திருப்பதாக ஒரு வதந்தி மட்டும் நடமாடியது. அதை நம்பியே ஆட்கள் கணக்குத் தாளோடு வருகிறார்கள் என்று அகாதெமியே தன் விளக்கத்தில் குறைபட்டுக்கொண்டது. கிழியின் வதந்திக்கே இத்தனை காலம் ஒரு கேள்வியைத் திறந்து வைக்கும் சக்தி இருந்தது என்றால், உண்மைக் கிழியின் சக்தியை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

பணம் உள்ளவன் எந்த அபத்தத்தையும் திறந்து வைத்துக்கொள்வானே என்பது அடுத்த மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அபத்தம் எது என்று அன்றைக்கே யாருக்குத் தெரியும்? கடலில் தீர்க்கரேகை காண 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20,000 பவுன் வரை பரிசு வைத்தது. 1735இல் வெளியான ஹோகார்த்தின் சித்திரத்தில், பைத்தியக்கார விடுதிச் சுவரில் ஒருவன் தீர்க்கரேகைக்கு வழி வரைந்துகொண்டிருக்கிறான்; ஊர் அந்தக் கேள்வியை அந்த அளவுக்குத்தான் மதித்தது. பரிசு மட்டும் இறங்காமல் தொங்கியதால் ஜான் ஹாரிசனின் கடிகாரம் வந்து சேர்ந்தது. மறுபக்கம் ஆபிரகாம் கோவூரைப் பாருங்கள். கேரளத்தில் பிறந்து இலங்கையில் தாவரவியல் கற்பித்த பகுத்தறிவாளர். ஏமாற்றுக்கு இடமில்லாத சோதனையில் அமானுஷ்ய சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். அவரைப் பொறுத்தவரை அது விடை தெரிந்த கேள்வி. "இல்லை" என்று ஒரு வார்த்தையில் மூடியிருக்கலாம். மூடாமல் 1978இல் இறக்கும்வரை பணத்தோடு தொங்கவிட்டார். மூடிவிட்டால் சாமியார்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள் அல்லவா? பந்தயத்துக்கு வருபவர் முன்பணம் கட்ட வேண்டும் என்ற விதி வேறு. பாண்டியனுக்குத் தோன்றாத நல்ல யோசனை அது.

ஆனால் கிழி இருந்தால் வேண்டாதவர்கள் கூட்டம் கூடுமே, அந்தச் சுமையை யார் தாங்குவது என்று நடுவர் தரப்பில் அழுவார்கள். இந்த அழுகையை அலட்சியம் செய்யக் கூடாது. பெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவுபவருக்கு ஒரு லட்சம் மார்க் என்று ஜெர்மானியரான பவுல் வுல்ஃப்ஸ்கேல் உயில் எழுதி வைத்தார். 1908இல் பரிசு அறிவிப்பானதும் முதல் ஆண்டில் மட்டும் 621 விடைகள் கோட்டிங்கனில் வந்து குவிந்தன. மூட வேண்டும் என்று அங்கே ஒருவருக்காவது தோன்றாமல் இருந்திருக்காது. உயில் இருக்கிறதே, எப்படி மூடுவது? கணிதப் பேராசிரியர் எட்மண்ட் லாண்டாவ் ஒரு வழி கண்டார். நிரூபணத்தை அனுப்பியதற்கு நன்றி, முதல் பிழை இத்தனையாம் பக்கத்தில் இத்தனையாம் வரியில் உள்ளது, ஆகவே நிரூபணம் செல்லாது என்று அட்டைகள் அச்சடித்து, பக்கத்துக்கும் வரிக்கும் இடம் விட்டுவைத்தார். அந்த இடங்களை நிரப்பும் வேலை மாணவர்களுக்கு. மூடுவதற்கு உரிமை இல்லாத இடத்தில் நடுவர் செய்யத்தக்கது இவ்வளவுதான். நக்கீரர் செய்ததும் இதுவே, அட்டை அச்சடிக்கவில்லை என்பதைத் தவிர.

கிழிக்குக் கெடு இருக்க வேண்டும் என்பதை மட்டும் நடுவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம். வுல்ஃப்ஸ்கேல் பரிசுக்கும் கெடு இருந்தது: 2007 செப்டம்பர் 13. இடையில் மார்க்கின் மதிப்பு சரிந்தது, இரண்டு போர்கள் வந்துபோயின, கேள்வி மட்டும் திறந்தே கிடந்தது. நிரூபணம் அச்சாகி இரண்டாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதிப்படி காத்திருந்து, ஆண்ட்ரூ வைல்ஸ் 1997 ஜூன் 27 அன்று பணத்தைப் பெற்றுக்கொண்டார். கெடுவில் அப்போதும் பத்தாண்டுக்கு மேல் மீதியிருந்தது.