முப்பத்தைந்தில் ஒரு பங்குத் தளபதி

பிளாஸ்டிக் டாங்கி மாதிரிகளைக் கட்டும் பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் பலவகையினர் எனினும், அவருள் ஆய்வுக்குரியவர், சக பொழுதுபோக்காளரால் ‘ரிவெட் எண்ணுபவர்’ என்று பாதி மரியாதையோடும் பாதி அச்சத்தோடும் குறிப்பிடப்படும் ஆங்கிலேயப் பெரியவரே ஆவார். அசல் வண்டியின் தகடுகளில் அறையப்பட்டிருந்த ரிவெட் ஆணிகள் அத்தனையும் மாதிரியிலும் உரிய இடத்தில் உள்ளனவா என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு சரிபார்ப்பதே அவருடைய வாழ்க்கைப் பணி; ஓய்வூதியம் அதற்கான மானியம்.

அவர் கட்டுவது பெரும்பாலும் அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவினது. ஏறத்தாழ 57 டன் எடையும், பீரங்கிக் குழலோடு சேர்த்து எட்டு மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட ஜெர்மானிய டைகர் டாங்கி, இந்த அளவில் ஒரு சாணுக்குச் சற்று மேலாக ஒடுங்கி மேசைமேல் அமர்ந்துவிடும். குழல் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் உற்பத்தியாளருக்குக் கண்டனக் கடிதம் போகும். இத்தனை புனிதமான விகிதமோ, ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்துத் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பேந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாதிரியாக வெளியிட்டபோது, மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்குமாறு வண்டியின் அளவைத் தீர்மானித்ததால் தற்செயலாக வாய்த்தது. இதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தெரியும், பிடிக்காது.

பெட்டியில் வருவன, உருக்கிய பாலிஸ்டைரீனை அச்சுக்குள் செலுத்தி வார்த்த சட்டகங்களும் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகளுமே. ஒட்டுத்திரவம் இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடுமாதலால், சாதாரண மனிதர் சில மாலைகளில் வேலையை முடித்துவிடலாம். இவரோ அவ்வுறுப்புகளில் பலவற்றைத் தள்ளுபடி செய்து, மெல்லிய பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்த மாற்று உறுப்புகளைத் தனியே காசு கொடுத்து வாங்குவார். இடுக்கியிலிருந்து தெறித்த பித்தளைக் கொக்கி ஒன்றைத் தேடித் தரைவிரிப்பின்மேல் அவர் மண்டியிட்டிருக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் ஊர்ப் பாதிரியாருக்கே பொறாமை வரும். எஞ்சின், குண்டு அடுக்கு, ஓட்டுநர் இருக்கை என உள்ளறை முழுவதையும் தீட்டி முடித்தபின், மேல்தகட்டை ஒட்டி நிரந்தரமாக மூடிவிடுவார்.

வண்ணம் பற்றிய வழக்கு முடிவற்றது. 1943 பிப்ரவரியில் ஜெர்மானியப் படை தன் வண்டிகளின் அடிப்படை நிறத்தைக் கருஞ்சாம்பலிலிருந்து கருமஞ்சளுக்கு மாற்றியது; அந்த மஞ்சள் எத்தகைய மஞ்சள் என்பதில், பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களையே சான்றாகக் காட்டி, நெடுநாள் நண்பர்கள் பேச்சை நிறுத்தியிருக்கின்றனர். காந்தக் கண்ணிவெடி ஒட்டாதிருக்கப் பூசப்பட்ட ‘சிமெரிட்’ என்னும் வரிவரியான சாந்து 1944 செப்டம்பரில் கைவிடப்பட்டது. அதன்பின் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டியொன்றுக்கு எவரேனும் அதைப் பூசியிருந்தால், டெல்ஃபோர்டு நகரில் நவம்பர்தோறும் நடக்கும் மாதிரிக் கண்காட்சியில் இவர் அம்மேசையருகே நின்று ஒருமுறை இருமுவார், மேல்முறையீடு கிடையாது. இவ்வளவு பாடுபட்டுத் தீட்டியதைப் பின்னர்த் துரு, எண்ணெய்க் கறை, புழுதி ஆகியவற்றால் அவரே அழுக்காக்குவார். அதிலும் துனீசியப் புழுதி வேறு, உக்ரைனியச் சேறு வேறு. தம் காலணியில் ஒட்டி வீட்டுக்குள் வந்த தோட்டத்துச் சேற்றைத் துடைக்குமாறு மனைவி கேட்டால் மட்டும் நேரமிராது.

கட்டிலடியிலும் பரணிலும் உறை பிரிக்கப்படாத பெட்டிகள் குவிந்திருப்பது இவ்வினத்தின் பொதுவியல்பாதலால் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய டைகர் 131, டோர்செட்டிலுள்ள போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. அது உறுமிக்கொண்டு திடலுக்குள் வரும் நாளில் கூட்டம் ஆரவாரிக்கும். இவரோ, சீரமைப்பின்போது அதில் பிந்தைய டைகர் வகையின் எஞ்சின் பொருத்தப்பட்டதை நினைவுகூர்ந்து, அசல் அவ்வளவு சரியாக இல்லை என்று பக்கத்தில் நிற்பவரிடம் வருத்தத்தோடு தெரிவிப்பார்.