மருமவனே, டெம்போ ரொம்பணும்

செம்பூர்ல பதினாலாம் மாடியில இருக்க மருமவனுக்கு, தாராவி தொண்ணூறடி ரோட்டுலேர்ந்து தாய்மாமன் சொல்லுத புத்தி. நீ கேக்கல, தெரியும். கேட்டாத்தான் சொல்லணும்னா நான் வாயே தொறக்க முடியாது.

ஒன் ட்ராயர்ல செத்த செல்போனு நாலஞ்சு கெடக்குன்னு ஒங்க அம்மா சொன்னா. உள்ள கல்யாண போட்டோ இருக்கு, பேங்கு ரகசியம் இருக்குன்னு பயமாம். நல்ல பயம். பேட்டரி உப்பி மூடிய முட்டித் தள்ளுத வரைக்கும் பத்திரமா வையி. ட்ராயரு தானாத் தொறந்துக்கிடும்.

ஒங்க கட்டடச் சங்கத்துல மின்கழிவுப் பெட்டி வச்சியளாமே. பேனரு பெருசு, பெட்டி சிறுசு. விழுந்தது ரெண்டு இயர்போனு, ஒரு டிவி ரிமோட்டு. அதே வாரம் பழைய சாமான் வாங்குத பங்கார்க்காரன் தெருவுல கூவிட்டு வந்தான். பழைய மானிட்டரு, மிக்ஸி, இன்வெர்ட்டரு எல்லாத்தையும் ஒங்க ஆளுவளே லிப்டுல எறக்கிக் குடுத்துட்டு காச எண்ணி வாங்கிட்டுப் போயிருக்காவ. அவன் வாசலுக்கு வாரான், தராசு கொண்டாரான், கையில ரூவா வைக்கான். ஒங்க பெட்டி மூலையில உக்காந்துக்கிட்டு நன்றின்னு மட்டும் சொல்லுது.

அவன் தூக்கிட்டுப் போறது எங்க போவுது தெரியுமா? குர்லா, சாக்கிநாக்கா குடோனுக்கு. ஓடுத பாகமா இருந்தா லேமிங்டன் ரோட்டு ரிப்பேர் கடைக்கு. ஓடாதத உடைச்சு செம்பு தனி, இரும்பு தனி, அலுமினியம் தனி. பிளாஸ்டிக்கு எங்க தாராவி பதிமூணாம் காம்பவுண்டுக்கு வந்துரும். இங்க ஒருத்தன் கீபோர்டு ஓட்ட ஒடிச்சுப் பாத்து, துளி பத்தவச்சு மோந்து பாத்தே இது இன்ன சாதிப் பிளாஸ்டிக்குன்னு சொல்லிருவான். நீ எம்.டெக். படிச்சு மிஷின் வச்சுச் சொல்லுதத அவன் மூக்க வச்சுச் சொல்லுதான். சம்பளத்துலதான் லேசா வித்தியாசம். அப்புறம் தூளாக்கி, கழுவி, காயவச்சு, உருக்கி, மணியா வெட்டி மூட்டை கட்டிருவாவ.

உடனே மாலை போட்டுராத, மதர்போர்டு கதையும் இருக்கு. அது மூட்டையா வடக்க ஏறும், தில்லி சீலம்பூரு, அங்கேர்ந்து மொராதாபாத்து. ராமகங்கைக் கரையில எரிச்சும் அமிலத்துல முக்கியும் செம்பு, தங்கம் எடுக்காவ. மிச்ச அமிலம் ஆத்துக்கு. வயர உரிக்கச் சோம்பப்பட்டு எரிச்சா வாரது டயாக்சின் புகை. பழைய டிவிக் குழாய உடைச்சா ஈயம். பொகையப் பத்தி செம்பூர்க்காரனுக்கு நான் என்னத்தச் சொல்ல? 2016 ஜனவரியில தேவனார் குப்பைமேடு நாள் கணக்காப் பத்தி எரிஞ்சப்ப ஜன்னல சாத்திட்டு ஊருக்குப் போறேன்னு நின்னவன்தான நீ.

சர்க்காரு தூங்குதுன்னு சொல்லாத. 2011ல விதி போட்டாவ, 2016ல மாத்துனாவ, 2022ல திரும்ப எழுதி 2023 ஏப்ரல் 1லேர்ந்து நடத்துதாவ. முந்தி 21 சாமான், இப்ப 106. வித்த கம்பெனிதான் பழசுக்கும் பொறுப்பு. 2023-24ல மறுசுழற்சி இலக்கு நூத்துக்கு 60, 2027-28லேர்ந்து 80. கம்பெனிக்காரன் ஒன் வாசலுக்கு வருவான்னு சாயா போட்டு வச்சிராத. பதிவு வாங்குன மறுசுழற்சி ஆலைகிட்ட சான்றிதழ வெல குடுத்து வாங்குனா அவன் கணக்கு தீந்துது. சாமான் மெதுவாத்தான் நகரும், காயிதம் பறக்கும்.

அந்த வெலைக்கு 2024ல கிலோவுக்கு 22 ரூவான்னு அடிவெல வச்சாவ. அது சாஸ்தின்னு சாம்சங், எல்ஜி எல்லாம் 2025ல தில்லி உயர் நீதிமன்றம் ஏறிட்டாவ. லட்ச ரூவா டிவி விக்கவன், கத்திரிக்கா வாங்குத கெழவி மாதிரி கிலோவுக்கு பேரம் பேசுதான்! ஆலைக்குக் காசு வராட்டா அது பங்கார்க்காரனுக்கு மேல வெல குடுக்குமா? சாமான் கூட வெல குடுக்கவன் கைக்குத்தான் போவும். உலகம் முச்சூடும் இதே கூத்துதான். 2022ல சேந்த மின்கழிவு 6.2 கோடி டன்னு, முறையாக் கணக்குல வந்தது நூத்துக்கு 22.3.

அதனால இப்படிச் செய்யி. அடுத்த தடவ பேனருக்குக் குடுக்க காச பங்கார்க்காரனுக்குக் குடு. கதவு தட்டத் தெரிஞ்சவன் அவன்தான். தராசு அவனோடது, வீட்டுக்காரனுக்கு சந்தை வெல, அவனுக்குக் கூலி. ஒண்ணையும் உடைக்காம முழுசா பதிவுள்ள ஆலைக்குப் போவணும், ரசீது ஒன் கைக்கு வரணும். டெம்போ அரைகுறையா ஓடுனா வாடகைக்கே காணாது. பக்கத்துக் கட்டடத்தையெல்லாம் சேத்துக்கோ. மாட்டுங்கா மாமிமாரு பரண விட்டுராத, கேசட்டு காலத்து டேப்ரெக்கார்டர் முதக்கொண்டு துணி சுத்தி வச்சிருப்பாவ. உப்புன பேட்டரிய மட்டும் தனியா, சொல்லிக் குடு. டெம்போ ஓட்டுதவனும் பிள்ளகுட்டிக்காரன்.

சீக்கிரம் செய்யி. தாராவிய இடிச்சுக் கட்டப் போறாவ. பதிமூணாம் காம்பவுண்டு எங்க போவும்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொல்லுதாவ.

போன அழிக்கத் தெரியலேன்னா ஒன் மவள்ட்ட கேளு, சங்கடப்படாத. அப்புறம், ஒங்க அம்மா ரேடியோ ஒண்ணு பரண்ல இருக்குல்லா, அத லிஸ்டுல சேத்துராத. அது ஓடுது. ஞாயித்துக்கெழமை நானே வந்து எடுத்துக்கிடுதேன்.